ஆபத்து வேளையில் ஸ்தாபனங்கள்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், ஆபத்து நேர்ந்த காலத்தில் ஸ்தாபனங்களும் அவற்றிலுள்ள மனிதர்களும் எப்படி நடந்து கொள்ளுகிறார்கள் என்பதாகும். ஸ்தாபனம் என்று நான் சொல்லுவது சர்க்கார் ஆபீசை மாத்திரமல்ல. கப்பல் ஒரு ஸ்தாபனம். தொழிற்சாலை ஒரு ஸ்தாபனம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில்வே, ஊர்ப் பஞ்சாயத்து, ஏன், நாம் கூடியிருக்கும் இந்த வாசகசாலையும் ஒரு ஸ்தாபனமே. பத்துப் பேர் சேர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, ஒரு காரியத்தை நடத்துகிற இடம் எதுவோ அதெல்லாம் ஸ்தாபனந்தான்.

ஒரு பெரிய விபத்து நடந்துவிட்டால் நம் நாட்டில் இரண்டு விதமான சமாதானங்கள் சொல்லப்படுவதைப் பார்க்கிறோம். ஒன்று, "எல்லாம் விதி, அவரவர் தலையெழுத்து, ஆண்டவன் சோதனை" என்பது. மற்றொன்று, "ஜனங்கள் பீதியடைந்து கண்டபடி ஓடினார்கள், அதனால்தான் இத்தனை சாவு" என்பது. இந்த இரண்டு சமாதானங்களும் யாருக்குச் சௌகரியமானவை என்று யோசித்துப் பாருங்கள். முதல் சமாதானம் பழியை ஆகாயத்தின் மேல் போடுகிறது. இரண்டாவது சமாதானம் பழியைச் செத்தவர்கள் மேல் போடுகிறது. ஆகாயமும் வாய் திறந்து பதில் சொல்லப் போவதில்லை; செத்தவர்களும் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. நடுவில் பொறுப்பில் இருந்தவர் மாத்திரம் மாலையும் கழுத்துமாகத் தப்பித்துக் கொள்ளுகிறார்.

விதியைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீதியைப் பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையில் 1963ல் விபத்துக்களைப் பற்றியே ஆராய்வதற்கென்று ஒரு நிலையம் ஏற்படுத்தினார்கள். அதை ஏற்படுத்தியவர்களில் ஒருவரான குவாரண்டெல்லி என்பவர் வாழ்நாள் முழுவதும் பூகம்பம், வெள்ளம், தீ என்று ஆராய்ந்து கண்ட முடிவு என்னவென்றால், ஆபத்து வேளையில் ஜனங்கள் புத்தி கெட்டு ஓடுவது மிக அபூர்வம் என்பதே. பெரும்பாலோர் பக்கத்து வீட்டுக்காரனைத் தூக்குகிறார்கள், குழந்தையைத் தேடுகிறார்கள், கிழவியைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள். ஜனங்கள் பயந்து விடுவார்களே என்கிற பயம்தான் ஜனங்களின் பயத்தைவிட அதிகக் கேடு செய்கிறது.

அப்படியானால் உயிர்கள் போவது எதனால்? என்னுடைய அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஆபத்து எந்த ஸ்தாபனத்துக்கும் புதிய குணத்தைக் கொடுப்பதில்லை. சாதாரண நாளில் அது எப்படி நடந்ததோ அப்படியேதான் ஆபத்து நாளிலும் நடக்கிறது. சாதாரண நாளில் கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் வாய் திறந்து பேசக்கூடாது என்று இருந்தால், ஆபத்து நாளிலும் அவன் வாய் திறக்க மாட்டான். வாய் திறந்தாலும் மேலே இருப்பவன் காது கொடுக்க மாட்டான். சாவு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. இதை மூன்று உதாரணங்களால் காட்டப் போகிறேன். பிறகு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி முடிவு செய்து கொள்ளுங்கள்.

இரண்டு கப்பல்கள்

டைட்டானிக் என்ற கப்பலைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். 1912 ஏப்ரல் 14ந் தேதி இரவு 11 மணி 40 நிமிஷத்துக்கு அது வட அட்லாண்டிக் கடலில் பனிக்கட்டி மலையில் மோதி, மறுநாள் அதிகாலை 2 மணி 20 நிமிஷத்துக்கு முழுகிப் போயிற்று. அதில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். மாண்டவர்கள் சுமார் 1,500 பேர். உயிர்ப்படகுகள் 20, அவைகளில் ஏறக்கூடியவர்கள் 1,178 பேர்தான். இது சட்டத்துக்கு விரோதமா என்றால், இல்லை. 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்கு 16 படகு போதும் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் எழுதின காலத்தில் 46,000 டன் கப்பலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கப்பல் வளர்ந்தது, சட்டம் வளரவில்லை. சட்டம் கேட்டதற்கு மேல் நாலு படகு அதிகமாகவே வைத்திருக்கிறோம் என்று கம்பெனியார் நிம்மதியாக இருந்தார்கள். காகிதத்தில் குற்றமில்லை, தண்ணீரில் மாத்திரம் இடமில்லை!

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது டைட்டானிக்கைப் பற்றியல்ல. அதே இரவில் அதே கடலில் இருந்த வேறு இரண்டு கப்பல்களைப் பற்றி.

ஒன்று காலிபோர்னியன். அது டைட்டானிக்கிலிருந்து மிகக் கிட்டத்தில் பனிக்கட்டிகளுக்கிடையே எஞ்சினை நிறுத்திக் கொண்டு நின்றது. எத்தனை மைல் என்பதில் இன்னும் தர்க்கம் இருக்கிறது. இருபது மைலுக்கு மேல் இல்லை என்று வைத்துக் கொள்ளலாம். அதில் ஒரே ஒரு கம்பியில்லாத் தந்திக்காரர். அவர் இரவு 11 மணி சுமாருக்கு, "நாங்கள் பனிக்கட்டியில் சிக்கி நிற்கிறோம்" என்று டைட்டானிக்குக்கு அறிவிக்கப் போனார். டைட்டானிக்கின் தந்திக்காரர் பிரயாணிகள் காசு கட்டி அனுப்பும் தந்திகளை அடித்துக் கொண்டிருந்தார். "குறுக்கே பேசாதே, எனக்கு வேலை இருக்கிறது" என்று வாயை அடைத்து விட்டார். இவரும் சிறிது நேரம் இருந்துவிட்டு, கருவியை நிறுத்திப் படுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு சில நிமிஷங்களில் டைட்டானிக் மோதியது.

நடுநிசிக்கு மேல் காலிபோர்னியனின் மேல்தளத்தில் காவல் இருந்த உதவி அதிகாரி, தூரத்தில் ஒரு கப்பலிலிருந்து வெள்ளை வாணங்கள் கிளம்புவதைப் பார்த்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டு வாணங்கள். நடுக்கடலில் நடு இரவில் யாரும் கலியாணத்துக்கு வாணம் விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். குழாய் வழியாகக் காப்டனுக்குச் சொன்னார். படுத்திருந்த காப்டன், "அது கம்பெனி அடையாள வாணமா?" என்று கேட்டார், "விளக்கு அடித்துக் கேட்டுக் கொண்டே இரு" என்றார். பிறகு ஒரு பயிற்சிப் பையனை அனுப்பிச் சொல்லச் சொன்னார்கள். காப்டன் வாணத்தின் நிறத்தைப் பற்றி விசாரித்துவிட்டு மறுபடியும் படுத்துக் கொண்டார். உதவி அதிகாரியும், "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு" என்று நின்று விட்டார். தந்திக்காரரை எழுப்பிக் கருவியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லத் துணியவில்லை. காலை ஐந்தரை மணி சுமாருக்குத்தான் அவரை எழுப்பினார்கள். எழுப்பிய சில நிமிஷங்களில் எல்லாச் சேதியும் தெரிந்துவிட்டது. அப்போது டைட்டானிக் கடலின் அடியில் போய் மூன்று மணி நேரமாகி விட்டது.

மற்றொன்று கார்ப்பாத்தியா. அது 58 மைலுக்கு அப்பால் இருந்தது. அதிலும் ஒரே தந்திக்காரர்தான். அவரும் படுக்கப் போகிற சமயந்தான். காதில் கருவி இருந்ததால் சேதி விழுந்தது. விழுந்ததும் என்ன செய்தார்? காவல் அதிகாரியிடம் ஓடினார். இருவருமாகக் காப்டன் ரோஸ்ட்ரான் படுத்திருந்த அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தார்கள். இப்படி மரியாதை கெட்டு நுழைவது யார் என்று தமக்கு முதலில் கோபம் வந்ததாக ரோஸ்ட்ரானே பின்னால் சொல்லியிருக்கிறார். ஆனால் சேதியைக் கேட்டவுடன் கோபம் போய்விட்டது. கப்பலைத் திருப்பும்படி முதலில் உத்தரவு போட்டார். "சேதி நிச்சயந்தானா?" என்ற கேள்வியைப் பிறகுதான் கேட்டார். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அப்புறம் அவர் செய்த ஏற்பாடுகளைக் கேளுங்கள். கப்பலில் அறைகளுக்குப் போகும் வெப்பத்தையும் வெந்நீரையும் நிறுத்தி, அந்த நீராவியையும் எஞ்சினுக்குத் திருப்பினார். கப்பலில் இருந்த மூன்று வைத்தியர்களையும் மூன்று சாப்பாட்டு அறைகளில் நிறுத்தினார். கம்பளி, சூப், ஏணி, கயிறு, குழந்தைகளைத் தூக்கப் பைகள், எல்லாம் தயார். பனிக்கட்டி மலைகளுக்கிடையே இருட்டில், கப்பலின் வழக்கமான வேகத்தைக் காட்டிலும் அதிக வேகத்தில் ஓட்டிக் கொண்டு 4 மணி சுமாருக்கு அங்கே போய்ச் சேர்ந்தார். படகுகளில் இருந்த 700க்கு மேற்பட்டவர்களும் அந்தக் கப்பலால்தான் பிழைத்தார்கள்.

தோழர்களே! காலிபோர்னியனில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கடலில் பழகியவர்கள். குடும்பம் குட்டி உள்ளவர்கள். கார்ப்பாத்தியாக்காரர்கள் தேவதைகளுமல்ல. ஒரு கப்பலில் சேதி காப்டனின் தூக்கத்துக்கு மரியாதை கொடுத்து வெளியே நின்றது. இன்னொரு கப்பலில் சேதி கதவைத் தட்டாமல் உள்ளே போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஒரு தொழிற்சாலை

இது வெள்ளைக்காரன் கப்பல் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நம் நாட்டுக்கே வருகிறேன். 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், மீத்தைல் ஐசோசயனேட் என்ற கொடிய விஷத்தைச் சுமார் 40 டன் அடைத்து வைத்திருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, விஷம் கொதித்து, வாயுவாக வெளிக் கிளம்பியது. அந்த விஷத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய யந்திரம் பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசிந்த வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் குழாய் கழற்றப்பட்டு நின்றது. வாயுவைக் கழுவ வேண்டிய சாதனமும் அந்த வேளைக்கு உதவவில்லை. செலவைக் குறைக்க ஆட்களையும் குறைத்திருந்தார்கள்.

இரவு பதினொன்றரை மணி சுமாருக்கே வேலையாட்களுக்குக் கண் எரிந்தது. கசிவு இருக்கிறது என்று மேலே சொன்னார்கள். தேநீர் வேளை முடிந்து பார்த்துக் கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இதைக் கேட்டவுடன், "என்ன சோம்பேறிகள்!" என்று நாம் சொல்லிவிடக்கூடாது. சிறு கசிவும் கண் எரிச்சலும் அங்கே நித்திய வழக்கம். தினமும் எரிகிற கண் அன்றும் எரிந்தது. நித்தம் புகைகிற வீட்டில் தீப்பிடித்தால் யாருக்கு முதலில் தெரியும்? 1981 டிசம்பரில் அதே தொழிற்சாலையில் வேறொரு விஷவாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982ல் அமெரிக்காவிலிருந்து கம்பெனியின் சொந்தப் பரிசோதகர்களே வந்து குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே வருஷத்தில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகைக்காரர், இந்தத் தொழிற்சாலை ஊரையே அழித்துவிடும் என்று தம்முடைய சிறு பத்திரிகையில் எழுதினார். தொழிற்சங்கத்தாரும் கூச்சலிட்டார்கள். எல்லாம் சேதிதான், எல்லாம் கீழிருந்து வந்த சேதி, ஆகவே மேலே போகவில்லை.

இனி அபாயச் சங்கின் கதையைக் கேளுங்கள். அந்தத் தொழிற்சாலையில் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சங்கும் ஊராருக்கு ஒரு சங்கும் இருந்தன. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊர் சங்கு ஊதினால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று, 1982ல் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். அன்று இரவு சுமார் 12 மணி 50 நிமிஷத்துக்கு ஊர் சங்கு கொஞ்ச நேரம் ஊதி, உடனே நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்குச் சங்கு ஊதிக் கொண்டே இருந்தது. அவர்கள் காற்றடிக்கும் திசையைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஓடித் தப்பினார்கள். மதிலுக்கு வெளியே குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்த ஏழைகளுக்கு எந்தச் சங்கும் இல்லை. போலீசார் தொழிற்சாலைக்கு டெலிபோன் செய்து கேட்டபோது, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று இரண்டு தடவை பதில் வந்தது. வாயு முழுவதும் வெளியேறித் தீர்ந்த பிறகு, 2 மணிக்கு மேல் ஊர் சங்கு நன்றாக ஊதிற்று! ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு முதலில் அம்மோனியா என்றார்கள். பிறகு பாஸ்ஜீன் என்றார்கள். உண்மையான பெயரைச் சொன்னபோது அந்தப் பெயரையே வைத்தியர்கள் கேட்டதில்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டுக் கொண்டு, ஓடாமல், காற்றுக்குக் குறுக்கே விலகிப் போங்கள் என்று ஒரு வார்த்தை ஊராருக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குக் காலணா செலவில்லை. ஆனால் அதைச் சொன்னால் உள்ளே விஷம் இருக்கிறது என்று ஒப்புக் கொண்டதாகுமே!

இறந்தவர்கள் 3,787 பேர் என்பது மாகாண சர்க்காரின் கணக்கு. அதைவிடப் பல மடங்கு என்பவர்கள் இருக்கிறார்கள். உடல் கெட்டவர்கள் 5 லட்சத்துக்கு மேல். பின்னால் கம்பெனியார் என்ன சொன்னார்கள்? அதிருப்தியடைந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டான் என்றார்கள். பழி எந்தப் பக்கம் உருளுகிறது பாருங்கள். 1989ல் 47 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக் கொண்டார்கள். 2010ல்தான், அதாவது 26 வருஷங்களுக்குப் பிறகு, இந்திய நிர்வாகிகள் 7 பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதே இரவில் அதே ஊரில் ரயில்வே ஸ்டேஷனில் குலாம் தஸ்தகீர் என்ற ஒரு துணை சூப்பிரண்டு இருந்தார். பிளாட்பாரத்தில் ஜனங்கள் நிறைந்த ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி நின்றது. புறப்பட இன்னும் நேரம் இருந்தது. மேலிடத்து அனுமதி வருகிறவரையில் காத்திருப்பதுதான் ரூல். அவர் காத்திருக்கவில்லை, பொறுப்பைத் தம் தலையில் போட்டுக் கொண்டு வண்டியை முன்னதாகவே அனுப்பி விட்டார். மற்ற ஸ்டேஷன்களுக்குத் தகவல் சொல்லி உதவி கேட்டார். அந்த விஷக் காற்றிலேயே நின்று வேலை செய்து, அதனால் வந்த வியாதியோடு வாழ்ந்து, 2003ல் இறந்தார். ரூலை மீறினார் என்று அவர் மேல் குற்றம் சாட்டலாமா? ரூல் எதற்காக ஏற்பட்டது? பிரயாணிகளின் உயிருக்காகத்தானே? எதற்காக ஏற்பட்டதோ அதைக் காப்பாற்றினவன் ரூலை மீறினவனா, காப்பாற்றினவனா?

நம் கடற்கரையில்

மூன்றாவது உதாரணம் நம் சொந்தக் கடற்கரை. 2004 டிசம்பர் 26ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை சுமார் 6 மணி 29 நிமிஷத்துக்குச் சுமத்திரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி பெயர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கார்நிகோபாரில் இருந்த விமானப்படை முகாம் முழுகுகிறது என்ற சேதி 8 மணிக்கு முன்பே இந்தக் கரையிலிருந்த விமானப்படையாருக்கு எட்டியது. டெல்லியில் வானிலை இலாகாவார் பூகம்பத்தைப் பற்றி மந்திரிக்கு அனுப்பிய காகிதம், பதவியை விட்டு ஏழு மாதமாகிவிட்ட பழைய மந்திரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தது. சேதி மேலே மேலே போய்க் கொண்டிருந்தது. பக்கவாட்டில், கடலோரக் குப்பத்துக்கு, ஒரு சேதியும் வரவில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் சுமார் 6,000 பேர்.

ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீன்பிடி கிராமத்தில் சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். எப்படி? எந்தச் சாமியும் வந்து காப்பாற்றவில்லை. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். பூகம்பச் சேதியை அங்கே கேட்டு, வீட்டுக்கு டெலிபோன் செய்தார். கடல் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். "உடனே ஓடுங்கள், ஊரையும் எச்சரியுங்கள்" என்றார். அந்த ஊரில் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் அறிவிப்பதற்காக சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் வைத்திருந்த ஒலிபெருக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம், அதிகாரி எங்கே, எழுத்து மூலம் உத்தரவு உண்டா என்று அந்த ஜனங்கள் கேட்டுக் கொண்டு நிற்கவில்லை. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊர் காலியாயிற்று. பிறகு அலை வந்து வீடுகளைக் கொண்டு போயிற்று. ஆட்களைக் கொண்டு போகவில்லை.

இந்தோனேசியாவில் சிமலு என்று ஒரு தீவு. பூகம்பம் நடந்த இடத்துக்கு மிகச் சமீபம். 1907ல் அந்தத் தீவில் இப்படி ஒரு அலை வந்து பலரைக் கொன்றது. பூமி ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வந்தார்கள். 2004ல் அந்தத் தீவில் இருந்த சுமார் 78,000 பேரில் அலையில் மாண்டவர்கள் ஏழே பேர். அங்கே யந்திரமும் இல்லை, இலாகாவும் இல்லை. தெரிந்த விஷயத்தை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தார்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓடுகிற சுதந்திரம் குழந்தைக்கும் இருந்தது.

ஆபத்து எல்லோரையும் சமமாக்குமா?

ஆபத்து வந்தால் ஏழை பணக்காரன், உயர்ந்தவன் தாழ்ந்தவன் எல்லோரும் ஒன்றாகி விடுவார்கள் என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. உண்மை அப்படியில்லை. டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பிரயாணிகளில் நூற்றுக்கு 60க்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நூற்றுக்குச் சுமார் 25 பேர்தான் பிழைத்தார்கள். போபாலில் விஷம் முதலில் குடிசையைத்தான் தொட்டது. நம் கடற்கரையிலோ கேட்க வேண்டியதில்லை. அலை வந்த பிறகு சில நிவாரண முகாம்களில் தாழ்த்தப்பட்டவர்கள் தனியாக ஒதுக்கப்பட்டார்கள், தண்ணீரும் சாமானும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன என்று விசாரணை செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே சமயத்தில் அழுகிய பிணங்களை எடுத்துப் புதைக்க யார் வந்தார்கள்? வேறு ஊர் முனிசிபாலிட்டிகளிலிருந்து வண்டி வண்டியாகத் துப்புரவுத் தொழிலாளிகள் கொண்டு வரப்பட்டார்கள். அவர்கள் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பிணத்தைத் தொடும்போது தீட்டில்லை. முகாமில் பக்கத்தில் படுத்தால் தீட்டு! கடல் எல்லா வீட்டையும் இடித்தது. ஜாதியை மாத்திரம் இடிக்கவில்லை. ஏனென்றால் அதை இடிப்பது அலையின் வேலையல்ல, நம்முடைய வேலை.

ஆகவேதான் ஆரம்பத்தில் சொன்னேன்: ஆபத்து புதிய குணத்தைக் கொடுப்பதில்லை. உள்ளே இருந்ததை வெளியே காட்டுகிறது.

ஒழுங்கு வேண்டாமா?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "அப்படியானால் ஒழுங்கே வேண்டாம் என்கிறீரா? ஆபத்து வேளையில் ஆளுக்கொரு உத்தரவு போட்டால் கப்பல் என்ன ஆவது?" என்று. நியாயமான கேள்வி. ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார்ப்பாத்தியாவிலும் காப்டன் இருந்தார். அவர் உத்தரவுக்கு எல்லோரும் பறந்து பறந்து வேலை செய்தார்கள். அந்த இரவில் அதைப் போல் ஒழுங்காக நடந்த கப்பல் வேறில்லை. ஆனால் உத்தரவு மேலிருந்து கீழே வர வேண்டுமானால், சேதி கீழிருந்து மேலே தங்குதடையின்றிப் போக வேண்டும். முதலில் வாணத்தைப் பார்க்கிறவன் கூலிக்குக் காவல் நிற்கிறவன். முதலில் கண் எரிகிறவன் தொழிலாளி. முதலில் கடலைப் பார்க்கிறவன் மீனவன். அறிவிப்பது அவன் உரிமை என்று வைத்தால் அது ஒழுங்கு. அவன் வாயை மூடி வைத்துவிட்டு, மேலே ஒருவர் மாத்திரம் பேசிக் கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ஒழுங்கல்ல, குருட்டுத்தனம்.

இந்தப் பாடத்தை உலகம் கொஞ்சங் கொஞ்சமாகக் கற்றுக் கொண்டுதான் வருகிறது. ஆனால் எப்போதும் பிணங்களை எண்ணின பிறகுதான் கற்றுக் கொள்ளுகிறது. டைட்டானிக்குக்குப் பிறகு 1914ல் பல தேசத்தார் லண்டனில் கூடி, எல்லோருக்கும் படகு வேண்டும், இரவும் பகலும் தந்திக் கருவியில் காது இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். போபாலுக்குப் பிறகு 1987ல் நம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, உள்ளே இருக்கும் அபாயத்தைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும், அபாயம் என்று கண்டால் தொழிலாளி அதை எடுத்துச் சொல்லலாம் என்று சேர்த்தார்கள். கடல் அலைக்குப் பிறகு 2007ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ந் தேதி கூரைப் பள்ளிக்கூடம் தீப்பற்றி 94 குழந்தைகள் வெந்த பிறகுதான் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகள் இறங்கின. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன், 2001 ஆகஸ்டு 6ந் தேதி, ஏர்வாடியில் மனநோய் தெளியும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்ட 28 பேர், சங்கிலியால் கட்டப்பட்டபடியே தீயில் மாண்டார்கள். சங்கிலி போட்ட கைக்குச் சாவி எடுக்கும் கை பக்கத்தில் இல்லை. அதன் பிறகுதான் அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! சட்டம் வரட்டும், இலாகா வரட்டும். அதுவரையில் நம் கையில் உள்ளதைச் செய்யலாம். நான் நான்கு விஷயங்களைச் சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.

முதலாவது: உங்கள் ஊரில், தொழிற்சாலையில், பள்ளிக்கூடத்தில் என்ன அபாயம் இருக்கிறது என்று கேளுங்கள். குடிசைக்குப் பக்கத்தில் உள்ள தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பது ராஜத்துரோகமல்ல. பதில் சொல்ல மாட்டேன் என்றால், பதில் கிடைக்கிறவரையில் கேளுங்கள்.

இரண்டாவது: சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒலிபெருக்கி, ஏணி, தண்ணீர்த் தொட்டி, பின்வாசல் ஆகியவைகளின் சாவி ஒரு பெரிய மனுஷர் வீட்டுப் பெட்டியில் இருப்பதில் யாருக்கும் கௌரவமில்லை.

மூன்றாவது: தவறாக எச்சரித்தவனைத் தண்டிக்காதீர்கள், பரிகாசமும் செய்யாதீர்கள். ஒன்றுமில்லாததற்கு ஊரை எழுப்பினால் போவது ஒரு ராத்திரித் தூக்கம். ஒன்று இருந்தும் எழுப்பாவிட்டால் போவது என்ன என்று பார்த்தோம். ஒரு தடவை அவனைச் சிரித்தால் அடுத்த தடவை அவன் மாத்திரமல்ல, அவனைப் பார்த்துக் கொண்டிருந்த பத்துப் பேரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான்காவது, இதுதான் முக்கியமானது: சாதாரண நாளிலேயே பேசப் பழகுங்கள், பேசவிடப் பழகுங்கள். கூட்டத்தில் ஒரு சிறு பையன் எழுந்து, "தலைவரே, நீங்கள் சொன்னது தப்பு" என்று சொன்னால் அவனை உட்காரச் சொல்லாதீர்கள். வீட்டில் மனைவி, "இது சரியில்லை" என்றால், "உனக்கென்ன தெரியும்" என்று சொல்லாதீர்கள். கூலிக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்று பேச வேண்டும் என்று வைத்திருக்கும் ஊரில், கரை உடைகிற சேதியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரத்தில்தான் நிற்கும். தன்மானம் என்பது பேச்சு மேடைக்கு மாத்திரம் வேண்டியதென்று நினைத்தால் அது தப்பு. வெள்ளத்திலும் தீயிலும் உயிரைக் காப்பாற்றுகிற சாதனமும் அதுதான். தாழ்ந்து நின்று பழகினவனுக்கு ஆபத்து வேளையில் திடீரென்று நிமிர்ந்து நிற்க வராது. அவனைத் தாழ்த்தி வைத்தவனுக்கும் அந்த வேளையில் காது கேட்காது.

ஆகையால், ஆபத்து வந்தபின் சிந்திப்போம் என்று இருந்துவிடாமல், வீட்டுக்குப் போகும்போதே ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள்: "நம் ஊரில் யாருடைய வார்த்தையை நாம் காதில் வாங்குவதில்லை?" என்பதுதான் அந்தக் கேள்வி. நாளைக்கு வரும் ஆபத்தை முதலில் பார்க்கப் போகிறவன் அநேகமாக அவன்தான்.